இரண்டாம் அடுக்கின் வரவு

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஜோகுபாளையம் போன்ற பகுதிகளுக்கு, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கணினி உதிரிப் பொருள்களின் பெருஞ்சந்தையாக விளங்கியது எஸ்.பி. ரோடு. டிவிடி ரைட்டரும், ஐம்பது ஐம்பதாகக் கோத்து பிளாஸ்டிக் மூடியிட்ட வெற்றுத் தட்டுகளும் அங்கே மொத்த விலைக்குக் கிடைத்தன. 'பிளஸ்ஸா, மைனஸா' என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் வாங்கியவர் தட்டுகளோடு திண்டாட வேண்டியிருந்தது.

அந்த இரு குறிகளும் இரு வணிக அணிகளின் போட்டியில் பிறந்தவை. பயனியர் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த மைனஸ் ஆர் தட்டில் தொடக்கத்தில் 3.95 ஜிபி மட்டுமே கொள்ளும். பின்னர் அது 4.7 ஜிபியாக உயர்ந்தது. பிலிப்ஸ், சோனி முதலியவை தனி அணியாகத் திரண்டு 2002இல் பிளஸ் ஆர் தட்டை விற்பனைக்கு விட்டன. இரண்டிலும் கரிமச் சாயப் பூச்சு ஒன்றைச் சிவப்பு லேசர் சுட்டுத் தடம் பதிக்கிறது. ஆனால் தட்டில் எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதை ரைட்டர் அறிவதற்கான முகவரிக் குறிகள், மைனஸில் தடங்களுக்கு இடைப்பட்ட மேட்டில் நுண்குழிகளாகவும், பிளஸ்ஸில் தடத்தின் நெளிவிலேயே பொதிந்தும் இருந்தன. 2002இன் பிற்பகுதியில் சோனி இரண்டையும் எழுதும் ரைட்டரை வெளியிட்ட பிறகு இந்தச் சண்டை பொருளற்றதாயிற்று.

இரட்டை அடுக்குத் தட்டின் தேவை வேறு. ஆலையில் அச்சாகும் திரைப்பட டிவிடிகள் பல 8.5 ஜிபி கொண்டவை. வீட்டில் எழுதும் தட்டிலோ அதில் பாதிக்குச் சற்று மேல்தான் இடம். பிலிப்ஸும் மிட்சுபிஷி கெமிக்கலும் 2003 அக்டோபரில் அறிவித்து 2004இல் கடைக்கு வந்த பிளஸ் ஆர் இரட்டை அடுக்குத் தட்டில், ஒளியைப் பாதி திருப்பிப் பாதி ஊடுருவ விடும் மெல்லிய உலோகப் படலம் முதல் சாய அடுக்கின் பின்னே அமைந்திருந்தது. லேசர் முதல் அடுக்கை மையத்திலிருந்து விளிம்புவரை எழுதி, அங்கே குவியத்தை மாற்றி, இரண்டாம் அடுக்கை விளிம்பிலிருந்து மையம் நோக்கி எழுதிக்கொண்டு திரும்பியது. தொடக்ககால 2.4 மடங்கு வேகத்தில் ஒரு தட்டை நிரப்ப முக்கால் மணி நேரம் ஆனதால், நடுவில் மின்வெட்டு வந்தால் யுபிஎஸ் இல்லாதவரின் தட்டு பாழ். அதுவும் ஒற்றை அடுக்குத் தட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள தட்டு.

இந்த விலைதான் வரலாற்றைத் தீர்மானித்தது. 8.5 ஜிபி படத்தை மென்பொருளால் சுருக்கி 4.7 ஜிபிக்குள் அடைப்பதும், நல்ல தரத்தில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் கல்யாண வீடியோவை முகூர்த்தம் ஒரு தட்டிலும் வரவேற்பு மற்றொன்றிலுமாகப் பிரித்துத் தருவதும் இரட்டை அடுக்கை வாங்குவதைவிட மலிவாக இருந்தன. பழைய பிளேயர்கள் சில, ஒளி குறைவாகத் திரும்பும் இத்தட்டுகளைப் படிக்க மறுத்ததும் சேர்ந்துகொண்டது.

இரட்டை அடுக்குத் தட்டு கடைக்கு வந்த அதே 2004இல்தான் பிறமொழிப் படங்களை ஏழு வாரம் கழித்தே கர்நாடகத்தில் திரையிட வேண்டும் என்று கன்னடத் திரைத்துறையினர் வலியுறுத்தினர். தமிழ்நாடோ குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வீடியோ திருடர்களையும் கொண்டுவந்தது. தட்டில் படம் பார்க்கும் பழக்கத்தை ஒன்று தூண்டியிருக்கும், மற்றது ஒடுக்க முயன்றது. இரண்டுமே தட்டின் கொள்ளளவைப் பொருட்படுத்தவில்லை. வெற்றுத் தட்டுகளை உலகுக்கே ஏற்றுமதி செய்த மோசர் பேயர் நிறுவனம் 2007இல் படத் தட்டு விற்பனையில் இறங்கி, டிவிடியை 34 ரூபாய்க்கு விற்றபோது, நகலெடுப்பவருக்குத் தட்டும் நேரமும் செலவழித்துக் கிடைத்த ஆதாயம் சுருங்கியது. விரைவில் பென் டிரைவும் அகலக்கற்றை இணையமும் அந்த ஆதாயத்தையும் கொண்டுபோயின; 2018இல் மோசர் பேயரைக் கலைத்துச் சொத்துகளை விற்கத் தீர்ப்பாயம் ஆணையிட்டது.