மூன்று படம் நடித்தவரின் ஊர்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற சமவெளியில் கிடக்கிறது ஃபேர்மவுன்ட். மூவாயிரம் பேர் அளவிலான சிற்றூர். ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில் வரும் சனி, ஞாயிறை ஒட்டி அங்கே ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் பெயரில் விழா நடக்கிறது. ஊர்வலம், பழைய கார்களின் அணிவகுப்பு, டீனைப் போலவே உடுத்தி வருகிறவர்களுக்கு ஒரு போட்டி. மூன்றே படங்களில் பெரிய வேடம் ஏற்றவரைத் தேடி, அவர் நடித்த காலத்தில் பிறந்திராதவர்கள்கூட இங்கே ஏன் வருகிறார்கள்? அற்பாயுசில் போனவர் என்பதுதான் எல்லோரும் சொல்லும் விடை. 1955 செப்டம்பர் 30 அன்று, கலிஃபோர்னியாவில் சோலேம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய போர்ஷே கார் இன்னொரு காரோடு மோதியபோது அவருக்கு வயது 24. 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்தது. 'ஜயன்ட்' மறு ஆண்டு. இறந்த பின் இரண்டு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். புகழ் ஏன் நிலைத்தது என்பதற்கு இந்த விடை போதும். ரசிகர்கள் குறிப்பாக இந்த ஊருக்கு ஏன் வருகிறார்கள் என்பதற்குப் போதாது.

சாவுதான் காரணமென்றால் கூட்டம் சோலேமில் அல்லவா கூட வேண்டும்? ஜப்பானியத் தொழிலதிபர் ஒருவர் 1977இல் அங்கே ஒரு மரத்தைச் சுற்றி உலோகத்தில் நினைவுச்சின்னம் எழுப்பினார். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். பிறந்த மண் என்றால் அது மேரியன், ஃபேர்மவுன்டிலிருந்து சிறிது தொலைவில் உள்ள வேறு ஊர். தொழில் கற்றது நியூயார்க், நடித்தது ஹாலிவுட். ஃபேர்மவுன்டின் பங்கு குழந்தைப் பருவம்தான். ஒன்பது வயதில், 1940இல், கலிஃபோர்னியாவில் தாயை இழந்தார். தாயின் உடலோடு ரயிலேறிய பையனோடு தகப்பன் வரவில்லை. இங்கே அத்தையும் மாமாவும் தங்கள் பண்ணையில் வைத்து வளர்த்தார்கள். க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். 1949இல் பள்ளிப் படிப்பை முடித்துக் கிளம்பினார். இப்படிக் குழந்தைப் பருவம் கழித்த ஊர் எல்லா நடிகருக்கும் உண்டு. எல்லா ஊரிலும் விழா நடப்பதில்லை.

என் கணக்கில், இந்த யாத்திரைக்கான வழியை வரைந்தவர் டீனேதான். 1955 பிப்ரவரியில், முதல் பெரிய படமான 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' வெளிவரும் முன், டென்னிஸ் ஸ்டாக் என்ற புகைப்படக்காரரை அவர் ஊருக்கு அழைத்துப் போனார். மார்ச் மாதம் 'லைஃப்' இதழில் அந்தப் படங்களில் சில வந்தன. பண்ணை முற்றத்தில் ஓவர்கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரிய பன்றிக்குப் பக்கத்தில் நிற்கிறார். டீன் என்ற குடும்பப் பெயர் பொறித்த கல்லறை ஒன்றின் அருகே நிற்கிறார். இறந்துபோன அந்த முன்னோரின் பெயர் கேல், 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' படத்தில் டீன் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் அதுவே. கடைத்தெருவில் ஒரு மரச்சாமான் கடையில் நுழைந்து, விற்பனைக்கு இருந்த சவப்பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறார். (அந்தக் காலத்து அமெரிக்கச் சிற்றூர்களில் நாற்காலி மேசை விற்பவரே சவப்பெட்டியும் விற்பார்.) ஏழெட்டு மாதத்தில் உண்மையாகவே பெட்டியில் வந்து சேர்ந்தார். அக்டோபர் 8 அன்று நடந்த இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர், ஊர் ஜனத்தொகைக்குக் குறையாத கூட்டம். தொழுவம், தெரு, கல்லறைத் தோட்டம் என்று பார்க்க வேண்டிய இடங்களை அவர்களுக்கு அந்தப் படங்கள் முன்பே காட்டிவிட்டிருந்தன.

அதே படத்தொகுப்பில் டைம்ஸ் சதுக்கத்து மழையில் சிகரெட்டோடு நடந்து வரும் படமும் இருக்கிறதே, எல்லாவற்றையும்விட அதுதானே பிரபலம், அப்படியானால் நியூயார்க் ஏன் யாத்திரைத் தலமாகவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெருநகரம் தன்னை இடித்து இடித்துக் கட்டிக்கொள்வது. அங்கே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் இடம் அகப்படாது. ஃபேர்மவுன்டின் பண்ணை குடும்பத்தார் கையிலேயே இருந்தது. வீடும் தொழுவமும் நின்றன. ஊர் வளராமல் போனது உள்ளூர்க்காரர்களுக்கு நஷ்டம்தான். ரசிகனுக்கு அதுவே வசதியாயிற்று.

இன்னொரு ஆட்சேபம், இது செத்தவரை வைத்து நடக்கும் வியாபாரம் என்பது. வியாபாரம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள்: யாத்திரை முந்தியது, விழா பிந்தியது. இறந்த சில காலத்திலேயே கல்லறைத் தோட்டத்தில் வைத்த மார்பளவுச் சிலை திருடு போயிற்று. கல்லறைக் கல்லைச் சுரண்டி எடுத்துப் போனார்கள். 1983இல் கல்லையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். வந்தவர்களுக்கு ஊர் எதையும் விற்கத் தொடங்கும் முன்பே அவர்கள் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கிவிட்டார்கள். ஊருக்கென ஒரு அருங்காட்சியகமும் அதையொட்டிய விழாவும் 1970களில்தான் உருவாயின. எப்படியும் வரப்போகிற கூட்டத்துக்கு ஒரு தேதியும் ஒழுங்கும் கொடுத்த ஏற்பாடாகவே அதை நான் படிக்கிறேன். டீன் சேகரிப்புகளோடு 1988இல் இங்கே காட்சிக்கூடம் திறந்தவரும் நியூயார்க்கிலிருந்து ரசிகராக வந்து தங்கிவிட்டவர்தான்.

இந்த வாதத்துக்கு இடிக்கிற ஒன்றும் உண்டு: வேடப் போட்டி. அதில் வெற்றி பெறுவது வெள்ளை பனியன், ஜீன்ஸ், சிவப்பு ஜாக்கெட் எல்லாம் சேர்ந்த உருவம். ஹாலிவுட் தைத்துக் கொடுத்த உருவம். ஸ்டாக்கின் படங்களில் மூக்குக் கண்ணாடியும் கசங்கிய கோட்டுமாகப் பண்ணையில் சுற்றும் ஆளுக்கு மேடையில் வேலையில்லை. விழாவில் அந்த அளவுக்கு ஸ்டுடியோதான் ஜெயித்திருக்கிறது. ஆனால் செப்டம்பர் 30 அன்று, அத்தை குடும்பம் போய்வந்த பேக் க்ரீக் க்வேக்கர் தேவாலயத்தில் நடக்கும் நினைவு வழிபாட்டுக்குப் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. அது முடிந்ததும் வந்தவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்புகிறார்கள். அங்கே கல்லின் மேல் லிப்ஸ்டிக் முத்தங்கள் பதிகின்றன, சிகரெட்டுகளும் காசுகளும் சேர்கின்றன. மழைக்கு அழிந்தால் மறுபடி பதிகின்றன.