பீபியும் மக்பராவும்

மகாராஷ்டிரத்தில் முன்பு ஔரங்காபாத் என்றும் இன்று சத்ரபதி சம்பாஜிநகர் என்றும் வழங்கும் ஊரிலுள்ள ‘பீபி கா மக்பரா’ என்னும் கல்லறை மாளிகை, ஒரு பாரசீகச் சொல்லையும் ஓர் அரபுச் சொல்லையும் ‘கா’ என்னும் இந்துஸ்தானி உருபால் இணைத்துப் பெயராகக் கொண்டிருக்கிறது. அங்கே அடக்கமாகியிருக்கும் தில்ரஸ் பானு பேகத்தின் இயற்பெயர் அதில் இல்லை.

அரபியில் ‘கபர்’ என்பது புதைகுழி. அதன் வேரோடு இடப்பொருள் தரும் ‘ம’ என்னும் முன்னொட்டுச் சேர, அடக்கம் செய்த இடத்தைக் குறிக்கும் ‘மக்பரா’ பிறந்தது. தமிழ் முஸ்லிம்கள் கபரை ‘கபுர்’ என்று தம் பேச்சில் ஏற்றுக்கொண்டாலும், ஊர்ப் பொது அடக்கவிடத்தை மையவாடி என்றோ கபர்ஸ்தான் என்றோ சொல்வதால், மக்பரா தமிழில் பெரும்பாலும் அரச குடும்பத்தாரின் கட்டடங்களுக்கு உரிய நூற்சொல்லாகவே நின்றுவிட்டது.

தில்ரஸ் பானு, பாரசீகத்தை ஆண்ட சஃபவி மரபில் வந்த ஷாநவாஸ் கானின் மகள். 1637இல் இளவரசர் ஔரங்கசீப்பை மணந்து, 1657இல், கணவர் அரியணை ஏறுவதற்கு முன்பே, மகன் அக்பரைப் பெற்ற சில வாரங்களில் இறந்தார். மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்ட ‘ராபியா உத் தௌரானி’ என்னும் பட்டம், பஸ்ராவின் ஞானி ராபியாவை நினைவூட்டி, ‘இக்காலத்து ராபியா’ எனப் பொருள்படும். மாளிகையைக் கட்டியவர் அவருடைய மற்றொரு மகன் ஆசம் ஷா என்று சொல்வது வழக்கம். ஆனால் பணி நடந்த 1660ஆம் ஆண்டையொட்டி, 1653இல் பிறந்த ஆசம் ஏழு வயதுச் சிறுவராகவே இருந்திருப்பார் என்பதால், அதைத் தொடங்கியவர் ஔரங்கசீப் என்று கொள்வதே பொருந்தும். தாஜ்மகாலையே மாதிரியாகக் கொண்டு, அதன் தலைமைச் சிற்பி உஸ்தாத் அகமதுவின் மகன் அத்தாவுல்லா இம்மக்பராவை வடிவமைத்தார். சுவரின் அடிப்பகுதிக்கும் குவிமாடத்துக்கும் மட்டும் பளிங்கு கிடைக்க, இடைப்பட்ட கருங்கல் மெருகேற்றிய வெண்சுண்ணப் பூச்சால் மூடப்பட்டது.

பட்டத்தையும் இயற்பெயரையும் விட்டுவிட்டு மக்கள் நாவில் நிலைத்த ‘பீபி’, பாரசீகத்தில் மதிப்புக்குரிய இல்லத் தலைவியையும் பாட்டியையும் சுட்டும் சொல். தக்காணத்தில் அது உயர்குலப் பெண்டிரின் பெயரோடு ஒட்டி நின்றதற்கு, 1595இல் முகலாயப் படையை எதிர்த்து அகமதுநகரைக் காத்த சாந்த் பீபி சான்று. சொல்லின் இடையிலுள்ள பகரம் வகரமாக நெகிழ்ந்தபோது வடக்கே ‘பீவீ’ மனைவியைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. தெற்கிலோ அதே நெகிழ்ச்சி பெற்ற ‘பீவி’ பழைய மதிப்பை இழக்கவில்லை. கண்ணூரை ஆண்ட அறக்கல் குடும்பத்தின் அரசியர் அறக்கல் பீவி என்றே பட்டம் பூண்டனர். தமிழ்நாட்டிலோ கதீஜா பீவி, ஆயிஷா பீவி என்று, அரண்மனையோடு எத்தொடர்பும் இல்லாத எண்ணற்ற குடும்பங்களில் பிறந்த பெண் குழந்தைகளின் பெயர்களில் அது இடம்பெற்றது.