மூப்புக் காட்டாத கட்டை: நைலான் 66 ரைஃபிளின் வயது

ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றுமருந்து இருப்பது அடிப்பக்க விளிம்பின் மடிப்புக்குள். துப்பாக்கியின் அடிக்கும் ஊசி அந்த விளிம்பில் பட்டதும் வெடிக்கும். 0.22 அங்குலத் தோட்டா இந்த வகைதான். விலை குறைவு, உதைப்பும் குறைவு. முயல் வேட்டைக்கும் தகர டப்பா சுடவும் அமெரிக்கக் கிராமங்களில் வீட்டுக்கொரு 0.22 ரைஃபிள் இருந்தது. அதைத் தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டை வழக்கமாக வால்நட் மரம். 1940களில் ஸ்டீவன்ஸ் நிறுவனம் டெனைட் என்ற பிளாஸ்டிக்கில் கட்டை செய்து பார்த்தது. ஆனாலும் மரத்தின் இடத்தை முதலில் உறுதியாகப் பிடித்தது 1959இல் வந்த ரெமிங்டன் நைலான் 66தான்.

ரெமிங்டன் அப்போது டூபாண்ட் வேதியியல் நிறுவனத்தின் கையில் இருந்தது. நைலானைக் கண்டுபிடித்ததும் டூபாண்டே. பெயரிலுள்ள இரண்டு ஆறுகளும் வேதியியலிலிருந்து வந்தவை: அந்த நைலானை உண்டாக்கும் இரு மூலப்பொருள்களிலும் ஆறாறு கார்பன் அணுக்கள். வலம், இடம் என இரு பாதிகளாக வார்த்து ஒட்டிய கட்டைக்குள்ளேயே தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் ஓடியது, எண்ணெய் தேவைப்படவில்லை. பதினான்கு தோட்டாக்கள் பின்கட்டைக்குள்ளிருந்த குழாயில் அடங்கின. பிளாஸ்டிக் துப்பாக்கியா என்று முகம் சுளித்தவர்களுக்கு ரெமிங்டனின் டாம் ஃபிரை அதே ஆண்டு பதில் சொன்னார். காற்றில் எறிந்த 1,00,010 மரக்கட்டைகளைச் சுட்டார், தவறியவை 6.

துப்பாக்கியின் மரக்கட்டை மங்கும், கீறும், கை பட்ட இடம் கறுக்கும். பார்த்தே வயதை ஊகிக்கலாம். நைலான் அப்படிக் காட்டிக்கொடுக்காது. வயதை இரும்பில்தான் தேட வேண்டும். குழலின் பக்கவாட்டில், உடலோடு சேரும் இடத்தருகே சிறு எழுத்துகள் பொறித்திருக்கும். முதல் எழுத்து மாதம். மாதங்களின் குறியீடு கருமருந்துக்கான ஆங்கிலச் சொல்லான 'பிளாக்பவுடர்'; அது பதினோரு எழுத்து. கடைசியில் 'எக்ஸ்' சேர்த்தால் பன்னிரண்டு. ஜனவரிக்கு அச்சொல்லின் முதல் எழுத்து, பிப்ரவரிக்கு 'எல்', டிசம்பருக்கு 'எக்ஸ்'. அடுத்த எழுத்து ஆண்டு: 1959க்கு 'எஃப்', 1960க்கு 'ஜி', 1961க்கு 'எச்', 'ஐ'யைத் தவிர்த்து 1962க்கு 'ஜே'. ஆகவே 'எல்', 'ஜே' என்றிருந்தால் 1962 பிப்ரவரி. இது குழலின் பிறந்தநாள் மட்டுமே. குழல் மாற்றப்பட்ட துப்பாக்கியில் இதை நம்ப முடியாது.

தொடர் எண் இல்லாவிட்டால் யாரோ அழித்துவிட்டதாகச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன் அமெரிக்காவில் 0.22 ரைஃபிள்களுக்கு எண் கட்டாயமாக இல்லை. எண்ணில்லாத நைலான் 66 பெரும்பாலும் அதற்கு முந்தியதே. அழித்த எண் என்றால் தேய்ப்பின் தடம் உலோகத்தில் தெரியும்.

நிறமும் உதவும். பெரும்பான்மை 'மொஹாக் பிரவுன்'. 'செனிகா கிரீன்' பச்சை சில ஆண்டுகளே ஓடி 1960களின் தொடக்கத்தில் நின்றது. சேகரிப்பாளர்கள் அதற்கு அலைகிறார்கள். குரோம் பூச்சோடு கூடிய 'அப்பாச்சி பிளாக்' கறுப்பு அதன்பின் வந்தது. இதன் உடன்பிறப்பான, லீவர் இழுக்கும் நைலான் 76 ஏறத்தாழ 1962 முதல் 1964 வரை மட்டுமே விற்றது. ஒன்று கிடைத்தால் வயது தானே தெரிந்துவிடும். பிரேசிலின் சிபிசி நிறுவனமும் நைலான் 66 செய்தது; அவற்றில் அந்நாட்டின் பெயர் இருக்கும். ரெமிங்டனின் சொந்த உற்பத்தி 1980களின் இறுதியில் நின்றபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நைலான் 66கள் வெளிவந்திருந்தன.