நரி விரட்டுதல்

நரி விரட்டுதல் என்பது, உறங்கும் கைக்குழந்தை தானாகச் சிரிப்பதையும் முகம் சுளிப்பதையும் சிணுங்குவதையும் குறிக்கத் தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் வழங்கும் சொல்லாகும். குழந்தையின் கனவில் நரி வருவதே இதற்குக் காரணம் என்று பெரியவர்கள் கூறுவர். பிறந்து சில நாட்களே ஆன குழந்தையும் கனவு காண்கிறது என்னும் கருத்து இவ்வழக்கில் அடங்கியுள்ளது.

உடலியல் விளக்கம்

உறக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசைகின்றன. இது விரைவுக் கண்ணசைவு உறக்கம் எனப்படும். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி முதலில் கைக்குழந்தைகளின் கண்ணசைவுகளைக் கவனித்தார். பின்னர் பெரியவர்களை ஆராய்ந்தார். அவரும் நத்தானியேல் கிளைட்மனும் 1953 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இக்கட்டத்தில் பெரியவர்களை 27 முறை எழுப்பிக் கேட்டபோது 20 முறை தெளிவான கனவுகள் கூறப்பட்டன.

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் உறங்குகிறது. அதில் பாதியளவு இவ்வகை உறக்கமாகும். பெரியவர்களில் இது 20 முதல் 25 விழுக்காடு மட்டுமே. பச்சிளங்குழந்தையின் உறக்கச் சிரிப்பு பெரும்பாலும் இக்கட்டத்திலேயே தோன்றுகிறது. பிறர் முகம் கண்டு சிரிப்பது ஏறத்தாழ 6 வாரங்களுக்குப் பின்னரே தொடங்குகிறது.

கனவு உண்டா?

கண்ணசைவு மட்டுமே கனவுக்குச் சான்றாகாது. பெரியவர் விழித்தெழுந்து தாம் கண்டதைச் சொல்ல இயலும். கைக்குழந்தைக்கு அது இயலாது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஃபோல்க்ஸ் 3 வயது முதலான சிறுவர்களை உறக்க ஆய்வகத்தில் எழுப்பிக் கேட்டார். 5 வயதுக்கு உட்பட்டோர் அரிதாகவே கனவு கூறினர். அவையும் அசைவற்ற படங்களாக இருந்தன; அவற்றில் விலங்குகள் மிகுதியாகவும் கனவு காண்பவர் அரிதாகவும் இடம்பெற்றனர். கதைபோல் தொடரும் கனவுகள் 7 வயதிற்குப் பின்னரே பெருகின. கனவு காண்பதற்குக் காட்சிகளை மனத்தில் உருவாக்கும் திறன் வேண்டும் என்றும், அத்திறன் படிப்படியாகவே வளர்கிறது என்றும் அவர் முடிவு செய்தார். ஆய்வகச் சூழலும் மொழித் திறனும் இம்முடிவைப் பாதித்திருக்கலாம் என்போரும் உளர்.

இவ்வுறக்கத்தின் பயன்

கனவு இல்லையெனினும் இவ்வுறக்கம் வீணன்று. ஹோவர்ட் ரோஃப்வார்க் முதலியோர் 1966 இல், இது வளரும் மூளைக்கு உள்ளிருந்தே தூண்டுதல் அளிக்கிறது என்ற கருத்தை முன்வைத்தனர். அயோவா பல்கலைக்கழகத்தின் மார்க் புளும்பெர்க் எலிக்குட்டிகளை ஆராய்ந்து, உறக்கத்தில் கைகால்கள் துடிக்கும்போது எழும் உணர்வுகள் மூளையைச் சென்றடைவதைக் காட்டினார். உடலின் உறுப்புகளை மூளை அறிந்துகொள்ள இது உதவுகிறது எனக் கருதப்படுகிறது.

பெற்றோர் கவனத்திற்கு

உறக்கத்தில் சிரிப்பதும் சிணுங்குவதும் இயல்பானவை; இதற்காகக் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. உறக்கத்தில் மட்டும் தோன்றி, விழித்தவுடன் நின்றுவிடும் துடிப்பு பெரும்பாலும் தீங்கற்றது. விழித்திருக்கும்போதும் துடிப்பு தொடர்ந்தாலோ, மூச்சு தடைப்பட்டாலோ, உடல் நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.