பழங்கட்டடச் சுவர்களைத் தூய்மை செய்தல்

கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றாலான பழைய சுவர்களில் படிந்த பாசி, விளக்குப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, உப்பு, பிற்கால வண்ணப்பூச்சு ஆகியவற்றை, அடியிலுள்ள பரப்பு தேயாமல் நீக்கும் பணி. அழுக்கோடு கல்லின் மேற்பரப்பும் போய்விட்டால் மீட்க வழியில்லை. ஆகவே மிக மென்மையான முறையில்தான் தொடங்க வேண்டும்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், பின்னாளில் கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர்களை அடிபணிந்து வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். திருப்பணியில் இறங்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கல்வெட்டு அது. இத்தகைய எழுத்துகள் கல்லில் ஆழமாக வெட்டப்பட்டவையல்ல. மேற்பரப்பு சிறிது தேய்ந்தாலும் வாசகம் சிதையும்.

அழுத்தக் காற்றில் மணலைப் பாய்ச்சும் மணல் வீச்சு (சேண்ட் பிளாஸ்டிங்) தமிழகக் கோயில் திருப்பணிகளில் பரவலாகக் கையாளப்பட்டது. கல்லின் மெருகு உரிந்தது. எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் நுண்வேலையும் மழுங்கின. சொரசொரப்பான புதுப் பரப்பில் ஈரமும் பாசியும் முன்னைவிட எளிதாகப் பற்றும். பறக்கும் சிலிக்காத் தூசு, வேலை செய்வோருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோயைத் தரும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1979இலேயே இம்முறையின் கேடுகளைப் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டது. தமிழகக் கோயில்களை 2017இல் பார்வையிட்ட யுனெஸ்கோ குழுவும் திருப்பணி முறைகளைக் கடுமையாகக் குறை கூறியது.

சரியான வேலை கல்வெட்டுகளைப் படியெடுப்பதிலும் படம் பிடிப்பதிலும் தொடங்கும். பிறகு கண்ணில் படாத ஒரு மூலையில் சோதனை. அடுத்து தண்ணீரும் நைலான் தூரிகையும். கம்பித் தூரிகை கல்லைக் கீறும், அதன் துணுக்குகள் துருவேறிக் கறையாகும். பிசுக்குக்கு மென்மையான சோப்புக் கரைசலும் நீர்த்த அம்மோனியாவும் இந்தியத் தொல்லியல் துறை கையாள்பவை. சுவரைக் கீழிருந்து மேலாக நனைத்தால் அழுக்குநீர் கோடு விழாது. உப்பை உறிஞ்ச நனைத்த காகிதக்கூழைப் பற்றுப் போடுவார்கள். அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும் என்பதால் ஊற்றுமலை ஜமீன்தார்கள் வாழ்ந்த வீரகேரளம்புதூர் போன்ற ஊர்களின் காரைச் சுவர்களில் அதைத் தொடவே கூடாது.

சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பகுதிச் சுவர்கள் காய்வது அரிது. கழுவும் வேலையை வெயில் மாதங்களுக்கு ஒதுக்குவதே நல்லது. கோபுர இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து பெயரும்; தண்டை வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்த பின்பே எடுக்க வேண்டும். குற்றாலம் சித்திரசபையின் ஓவியச் சுவர்களுக்கு இந்த முறைகளில் எதுவும் பொருந்தாது. அவற்றில் ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் மட்டுமே கைவைக்கலாம்.