பெயர் வைத்த கப்பல் மருத்துவர்

(இணையவழி நேரலை உரையின் எழுத்து வடிவம்)

இங்கே மான்ட்ரியலில் இரவு. உங்களில் பலர் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பீர்கள். இன்று ஒரு வண்டுக் குடும்பத்தைப் பற்றியும், அதில் ஆயிரக்கணக்கானவற்றுக்குப் பெயர் வைத்த ஒரு மருத்துவரைப் பற்றியும் பேசப் போகிறேன். நான் பூச்சியியல் படித்தவள் இல்லை. நர்ஸ். ஆனால் இந்த வண்டு எனக்கு அறிமுகமானது ஒரு நோயாளியின் தோலில்தான்.

நர்ஸிங் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தபோது, ஐப்பசி மழைக்காலத்தில், என் அறைத்தோழி ஒருநாள் கழுத்தில் சிவந்த கோட்டோடு எழுந்தாள். சாட்டையால் அடித்த மாதிரி. மறுநாள் கொப்புளம் கட்டி எரிந்தது. ஆசிடா, சுடுதண்ணீரா, யாரோடு சண்டை என்று விடுதியில் விசாரணை நடந்தது. "ஒன்றும் நடக்கவில்லை" என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஊரிலிருந்து அவளுடைய அப்பாவை வரவழைத்தார்கள். அவர் தலைகுனிந்து நின்றதை நான் பார்த்தேன்.

பல வருடம் கழித்து ஒரு தோல்நோய்ப் புத்தகத்தில் அதே கோட்டைப் படமாகப் பார்த்தேன். கீழே பெயர் இருந்தது: பீடரஸ். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதன் உறவினர்களைத்தான் நைரோபி ஈ என்கிறார்கள். ஈ இல்லை, ரோவ் வண்டு. பார்க்க எறும்பு மாதிரி இருக்கும். முன்சிறகு குட்டை, வயிறு பெரும்பாலும் வெளியே தெரியும். கடிக்காது, கொட்டாது. இரவில் விளக்கைத் தேடி வரும். தூக்கத்தில் நாம் தட்டி நசுக்கினால் அதன் உடல்நீரிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் படும். ஒன்றிரண்டு நாள் கழித்தே கொப்புளம் வரும் என்பதால் காரணம் யாருக்கும் பிடிபடாது. அந்த நஞ்சைக்கூட வண்டு தானாகச் செய்வதில்லை, அதன் உடலில் வாழும் பாக்டீரியா செய்து கொடுக்கிறது என்று 2002இல் கண்டறிந்தார்கள். இதே வண்டு நம் நெல்வயலில் புகையானைத் தின்கிற நண்பனும்கூட.

ரோவ் வண்டுகளில் பெயரிடப்பட்டவை மட்டும் 60,000 இனங்களுக்கு மேல். அவற்றைப் பிரித்தறிய வாழ்நாளைக் கொடுத்தவர்களில் ஒருவர் மால்கம் கேமரூன் (1873–1954). பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவர். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்திலும் வேலை பார்த்தார். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் ரோவ் வண்டுகளுக்கென அவர் எழுதிய நான்கு தொகுதிகள் 1930 முதல் 1939 வரை வந்தன. அவற்றில் நம் நீலகிரி அடிக்கடி வரும், அங்கே எச். எல். ஆண்ட்ரூஸ் என்பவர் பிடித்த வண்டுகள் அவருக்குக் கிடைத்திருந்தன.

ஆப்பிரிக்க வண்டுகளும் அவர் மேசைக்கு வந்தன. பெல்ஜியர்கள் காங்கோவில் 1925இல் ஆல்பர்ட் தேசியப் பூங்காவை ஏற்படுத்தினார்கள், இன்றைய விருங்கா. 1933 முதல் 1935 வரை டி விட் தலைமையில் அங்கே ஒரு பயணக்குழு உயிரினங்களைச் சேகரித்தது. அந்த ரோவ் வண்டுகளைப் பற்றிய கேமரூனின் நூல் 1950இல் வெளிவந்தது. அப்போது அவர் எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தார்.

புதிய இனத்தை எப்படி அறிவிக்கிறார்கள்? சில மில்லிமீட்டர் வண்டை நுண்ணோக்கியில் வைத்து, நிறம், தலையின் அகலம், உணர்கொம்பின் கணுக்கள், உடலிலுள்ள புள்ளிக்குழிகள் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். நெருங்கிய உறவினங்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று காட்ட வேண்டும். வெளியே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பவற்றை ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான் பிரித்துக் காட்டும். பிறகு ஒரே ஒரு வண்டை மூலமாதிரியாகத் தேர்ந்து, சிவப்பு லேபிள் குத்தி, அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நாளை யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். வார்டில் கேஸ் ஷீட் எழுதும் எங்களுக்கு இது புரியும். இன்னொருவர் படித்தால் அதே நோயாளியை அடையாளம் காண வேண்டும்.

ஆதியாகமத்தில் ஆதாமிடம் கடவுள் ஒப்படைத்த முதல் வேலைகளில் ஒன்று விலங்குகளுக்குப் பெயரிடுவது. சிறுவயதில் அதை விளையாட்டு என்று நினைத்தேன். இப்போது அது பொறுப்பு என்று தோன்றுகிறது. பெயர் வைக்கிறவர் கையில் அதிகாரமும் இருக்கிறது. லேபிளில் இடம், தேதி, குழுத்தலைவர் பெயர் எல்லாம் உண்டு. சுமை தூக்கியவர், வழி காட்டியவர், இலைச்சருகைக் கிளறியவர் பெயர் இல்லை. ஆப்பிரிக்க வண்டுகளின் மூலமாதிரிகள் பல லண்டனிலும் பெல்ஜியத்திலும் இருக்கின்றன. தன் காட்டில் பிடித்த வண்டு புதியதா என்று காங்கோக்காரர் ஒருவர் தெரிந்துகொள்ள, கடல் தாண்டி விசா வாங்கிப் போக வேண்டியிருக்கிறது. கேமரூனின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் எழுதி வைத்ததால்தான் இன்று ஒப்பிட ஏதோ இருக்கிறது. ஆனால் பெயர்ப்பட்டியல் ஓரிடத்திலும் கொப்புளம் வேறிடத்திலும் இருந்தால், என் தோழிக்கு நடந்ததுதான் நடக்கும். அந்த வண்டுக்கு 1826லேயே ஒருவர் பெயர் வைத்துவிட்டார். எங்கள் விடுதிக்கு அது வந்து சேரவில்லை.

போன குளிர்காலத்தில் அவளைத் தொலைபேசியில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமேடீ" என்றாள்.