கொம்புச் சாணமும் மயில்துத்தமும்

1924-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அப்போது ஜெர்மனியிலும் இப்போது போலந்திலும் அடங்கிய கோபர்விட்ஸ் என்னும் ஊரில், ருடால்ஃப் ஸ்டைனர் பண்ணைக்காரர்களுக்கு நிகழ்த்திய எட்டுப் பிரசங்கங்களிலிருந்து பிறந்த உயிராற்றல் வேளாண்மை, தன் கீர்த்தியில் பெரும் பங்கைப் பிரெஞ்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களிலேயே சம்பாதித்துக்கொண்டது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து, இலையுதிர் காலத்தில் புதைத்து, வசந்தத்தில் தோண்டியெடுத்து, அதில் சிறிதளவை நீரிலிட்டு ஒரு மணி நேரம் இடமும் வலமுமாகச் சுழற்றித் தெளிப்பதும், பூஞ்சை நோய்களுக்குக் குதிரைவால் பூண்டின் கஷாயத்தைப் பிரயோகிப்பதும் அதன் பிரதான அங்கங்கள். இவற்றின் பலத்தாலேயே கொடிகள் நோயை எதிர்த்து நிற்கின்றன என்பது அம்முறையைப் போற்றுவோர் பலருடைய சித்தாந்தம். போர்டோ பிரதேசத்தின் அநுபவத்தை ஊன்றி நோக்கினால், அங்கே கொடியைக் காப்பது கொம்பும் அன்று, கஷாயமும் அன்று, தாமிரமே என்பது என் அபிப்பிராயம்.

அப்பிரதேசத்தின் முதற்பகை அடிச்சாம்பல் நோய். வேர்ப்பேனுக்குப் பரிகாரமாக அமெரிக்காவிலிருந்து தருவித்த கொடிகளோடு வந்ததென்று கருதப்படும் இந்நோய், பிரான்சில் 1878-இல் கண்டறியப்பட்டது. உதிர்ந்த இலைகளில் குளிர்காலத்தைக் கழித்து, வெப்பம் 10 டிகிரியை எட்டி நல்ல மழையும் பெய்தவுடன், மண்ணிலிருந்து தெறிக்கும் துளியோடு அது தளிருக்கு ஏறுகிறது. இலை நனைந்திருக்கும் நேரத்தில் அதன் நுண்வித்துக்கள் அந்த ஈரத்திலேயே நீந்திச் சென்று, அடிப்புறத்துத் துளைகளின் வழியே உட்புகுகின்றன. சில நாட்களில் மேற்புறத்தில் எண்ணெய் பட்டாற்போன்ற மஞ்சள் புள்ளியும், ஈரமான ஓர் இரவு கழிந்தால் அதற்கு நேர்கீழே வெண்பஞ்சுப் படலமும் தோன்றும். தாமிரம் வேலை செய்வது அந்த நீந்தும் கணத்தில் மாத்திரமே. உட்புகுந்துவிட்ட நோயை அது தொடாது. பூசிய தாமிரத்தையோ அடுத்த மழை கழுவிவிடும்.

இத்தாமிரத்தின் பூர்விகமும் விசித்திரமானது. 1882-இல் ஸாங் ஜூலியன் கிராமத்தில், சாலையோரத்துக் கொடிகள் மட்டும் இலையுதிராமல் நிற்பதைக் கண்ட தாவர நூற்புலவர் மிலார்தே, வழிப்போக்கர் பழம் பறியாதிருக்க, நஞ்சு பூசியதுபோல் தோன்றுமாறு தாமிர உப்பாகிய மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளிக்கப்பட்டிருப்பதை அறிந்து, ரசாயன அறிஞர் கேயோனுடன் பரிசோதித்து 1885-இல் பிரசுரித்தார். திருடருக்கு அஞ்சிச் செய்த அக்காரியமே போர்டோ கலவையாகி நம் கம்பம் பள்ளத்தாக்கு வரை வந்து சேர்ந்தது. உயிராற்றல் வேளாண்மைக்குச் சான்றளிப்பதும் ரசாயன உரத்தை விலக்குவதுமான டெமட்டர் சங்கமும் இதை விலக்கவில்லை. ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரி 3 கிலோ தாமிரத்தை அது அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்போ ஏழு ஆண்டுகளுக்கு 28 கிலோ.

கொம்புச் சாணத்தின் பங்கைத் தனியே பிரித்தறிய முயன்றவர்களும் உண்டு. கலிபோர்னியாவில் யூக்கையா அருகே 1996-இல் தொடங்கிய பரிசோதனையில், வெறும் இயற்கை முறைக்கும் உயிராற்றல் முறைக்கும் முதல் ஆறு ஆண்டுகளில் மண்ணின் தரத்தில் பேதம் காணப்படவில்லை; ஜெர்மனியின் கைஸன்ஹைமில் ரீஸ்லிங் கொடிகளை வைத்து நடத்திய ஆய்விலும் இவ்விரு முறைகளும் கொடியின் வளர்ச்சியிலும் விளைச்சலிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன.

ஸாங் ஜூலியனுக்கு அடுத்த போயாக்கில் உள்ள பாந்தே கானே தோட்டத்தார் 2004-இல் உயிராற்றல் முறையைத் தொடங்கி, 2007-இல் அடிச்சாம்பல் மிஞ்சிப்போகவே ரசாயன மருந்தை நாடி, பின்னர் மீண்டும் இதற்கே திரும்பினர். 2018-இன் ஈர வசந்தத்தில் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தும் இதைக் கைவிடவில்லை. இந்த வைராக்கியத்தை நான் பரிகசிக்க மாட்டேன். சொற்பத் தாமிரத்தை நம்பியிருப்பவன் மழைமேகத்தைக் கவனித்தவாறு வரிசை வரிசையாக நடந்து, அடித்தளிரைக் கிள்ளி, கொத்தைச் சுற்றியுள்ள இலையைக் களைந்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தே தீரவேண்டும். இம்முறையின் மெய்யான குணம் அந்த இடைவிடாத பராமரிப்பில் இருக்கிறதேயன்றிக் கொம்பில் இல்லை.

ஆனால் தாமிரம் மக்கிப்போகும் பொருளன்று. தலைமுறைகளாகத் தெளிக்கப்பட்ட தோட்டங்களின் மேல்மண்ணில் அது படிந்து மண்புழுக்களுக்கு ஹானி செய்கிறது. மண்ணின் உயிர்ப்பையே மூலமந்திரமாகக் கொண்ட சித்தாந்தத்துக்கு இதைவிடப் பெரிய சங்கடம் வேறில்லை. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் எதிர்ப்புச் சக்தியைக் கலப்பினச் சேர்க்கையால் புகுத்தி, பிரெஞ்சு வேளாண் ஆய்வு ஸ்தாபனம் 2018-இல் பதிவு செய்த அர்தாபான், ஃப்ளோரேயால் முதலிய ரகங்களுக்கு மிகச் சில தெளிப்புகளே போதும். தாமிரத்தைக் குறைக்க உண்மையில் விரும்புவோர், கேபர்னே, மெர்லோ என்னும் பழம்பெயர்களின் மீதுள்ள பற்றைச் சற்றுத் தளர்த்தி, இந்த நாற்றுகளை நட்டுப் பார்க்க வேண்டும்.